மீளுருப் பெறும் ஆட்டங்கள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பழங்கதைகள் காலந்தோறும் புதிய மொழியில் சொல்லப்படுகின்றன. பழைய நாடகங்கள் புதிய மேடைகளில் நடிக்கப்படுகின்றன. அவ்வரிசையில் இன்று திரைவிளையாட்டுகளும் சேர்ந்துள்ளன. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நாணயம் இட்டு ஆடப்பட்ட ஆட்டங்கள், இன்று கைப்பேசியிலும் தொலைக்காட்சித் திரையிலும் புத்துருப் பெற்று வருகின்றன. ஒரு படைப்பை மீண்டும் செய்யும்போது எதனைக் காப்பது? எதனை மாற்றுவது? எதனை விடுவது? திரைவிளையாட்டுகளின் வரலாற்றின் வழியே இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

நாணயம் இட்டு ஆடிய காலம்

1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. மேசைப்பந்தாட்டத்தைப் போன்ற எளிய ஆட்டம் அது. ஆளுயரப் பெட்டி ஒன்று. அதில் ஒரு திரை. திருகி ஆடுவதற்குக் குமிழ்கள். நாணயம் இடுவதற்கு ஒரு துளை. அதன் வெற்றியைத் தொடர்ந்து அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உணவகங்கள், அங்காடிகள், கேளிக்கைக் கூடங்கள் எனப் பல இடங்களில் இத்தகைய பெட்டிகள் இடம்பிடித்தன. இவை வரிசையாக நிறுத்தப்பட்ட கூடங்கள் 'ஆர்கேட்' என அழைக்கப்பட்டன.

இன்று ஒரே கைப்பேசியில் நூறு ஆட்டங்களை ஆட முடிகிறது. அன்றைய நிலை வேறு. பொதுவாக ஒரு பெட்டி ஓர் ஆட்டத்திற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதன் மின்சுற்றுப் பலகை, திரை, கைப்பிடி, ஒலிபெருக்கி, பெட்டியின் மேல் தீட்டிய ஓவியம் ஆகிய யாவும் அவ்வோர் ஆட்டத்தின் உறுப்புகளே. ஆட்டத்தின் இயல்பை வணிகமும் வகுத்தது. ஒருவர் நெடுநேரம் ஆடினால் கடைக்காரருக்கு வருவாய் இல்லை. தொடங்கிய உடனே தோற்றால் ஆடுபவர் திரும்பி வருவதில்லை. எனவே, கற்பதற்கு எளிதாகவும் தேர்வதற்கு அரிதாகவும் ஆட்டங்கள் அமைக்கப்பட்டன. மூன்று உயிர்கள், படிப்படியாக ஏறும் வேகம், உச்சப் புள்ளிகளைக் காட்டும் பட்டியல் ஆகியவை இச்சூழலில் வேரூன்றிய மரபுகளாகும். பழைய ஆட்டம் ஒன்றை மீளுருவாக்க முனைவோர் முதலில் உணர வேண்டிய செய்தி இது. நாம் 'ஆட்டம்' எனக் கருதும் பலவும் அக்காலத்துப் பொறியின் எல்லையாலும் நாணயத்தின் கணக்காலும் உருவானவை.

குறையே நயமான கதை

1978ஆம் ஆண்டில் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்குச் சிறந்த சான்று. இதனை உருவாக்கியவர் டோமோஹிரோ நிஷிகாடோ. ஆட்டத்தின் நிரலோடு, அது இயங்குவதற்கான மின்சுற்றுகளையும் அவரே வடிவமைத்தார். திரையின் மேற்பகுதியில் வரிசைக்கு 11 என 5 வரிசைகளில் 55 வேற்றுலக உருக்கள் அணிவகுத்து நிற்கும். அவை பக்கவாட்டில் நகர்ந்து, விளிம்பைத் தொட்டதும் ஒரு படி கீழிறங்கும். ஆடுபவர் கீழே இருக்கும் பீரங்கியை இடமும் வலமும் நகர்த்தி அவற்றைச் சுட வேண்டும்.

இவ்வாட்டத்தை ஆடியோர் அனைவரும் அறிந்த ஒன்றுண்டு. உருக்கள் குறையக் குறைய, எஞ்சியவை மேலும் மேலும் விரைந்தன. இறுதியில் எஞ்சும் ஓர் உரு மின்னலைப்போல் ஓடும். நான்கு தாழ்ந்த சுரங்களாலான பின்னணி ஒலியும் அதற்கேற்ப விரையும். ஆடுபவரின் நெஞ்சத் துடிப்பும் அதனோடு கூடும்.

இவ்வேகம் திட்டமிட்டு எழுதப்பட்டதன்று. அப்பொறியில் இருந்த இன்டெல் 8080 என்னும் செயலி மிகச் சிறிய ஆற்றல் உடையது. திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஓர் உருவை மட்டுமே நிரல் நகர்த்தியது. நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரை புதுப்பிக்கப்படும். ஆகவே, 55 உருக்களும் ஒரு சுற்று நகர்ந்து முடிய ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். 10 உருக்களே எஞ்சியிருந்தால் அச்சுற்று நொடியில் ஆறில் ஒரு பங்கில் முடிந்துவிடும். பொறியின் சுமை குறைந்ததால் வேகம் கூடியது. இதனைக் கண்ட நிஷிகாடோ அதனைத் திருத்த முனையவில்லை. ஆட்டத்திற்கு விறுவிறுப்பு ஊட்டுவதாக உணர்ந்து அப்படியே விட்டுவிட்டார்.

இன்றைய செயலிக்கு 55 உருக்களை நகர்த்துவது ஒரு சுமையே அன்று. இவ்வாட்டத்தை இன்று புதிதாக எழுதும் நிரலாளர், எல்லா உருக்களையும் ஒரே வேளையில் நகர்த்தி, முதலிலிருந்து முடிவுவரை சீரான வேகத்தில் ஓடவிட்டால் என்ன ஆகும்? உருவங்கள் அவையே, விதிகளும் அவையே, ஆயினும் அதனை ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என எவரும் ஏற்கமாட்டார். அன்று இயலாமையால் விளைந்ததை இன்று அறிந்தே எழுதிச் சேர்க்க வேண்டியுள்ளது. மீளுருவாக்கம் செய்வோர்க்கு மூலத்தின் தோற்றத்தைக் கண்டால் மட்டும் போதாது. அது ஏன் அவ்வாறு இயங்கியது என்னும் காரணத்தையும் காண வேண்டும்.

நான்கு பேய்கள், நான்கு குணங்கள்

1980ஆம் ஆண்டில் நாம்கோ நிறுவனம் 'பேக்-மேன்' ஆட்டத்தை வெளியிட்டது. இதனை வடிவமைத்தவர் டோரு இவாடானி. சுடுதலும் அழித்தலும் மிகுந்திருந்த ஆர்கேட் கூடங்களுக்குப் பெண்களும் விரும்பி வரும்படியான ஓர் ஆட்டத்தைப் படைக்க விரும்பிய அவர், உண்ணுதலை அதன் கருவாகக் கொண்டார். வாய் திறந்த மஞ்சள் வட்டம் ஒன்று சிக்கலான வழிகளினூடே சென்று 240 சிறு புள்ளிகளையும் 4 பெரும் புள்ளிகளையும் உண்ண வேண்டும். நான்கு பேய்கள் அதனைத் துரத்தும்.

பார்வைக்கு அப்பேய்கள் நிறத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. உண்மையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. துரத்தும் வேளையில், செந்நிறப் பேய் பேக்-மேன் நிற்கும் இடத்தையே குறிவைத்து வரும். இளஞ்சிவப்புப் பேய் பேக்-மேன் செல்லும் திசையில் நான்கு கட்டங்கள் முன்னால் உள்ள இடத்தை நோக்கிச் சென்று வழிமறிக்கும். நீலப் பேய் செந்நிறப் பேயின் இருப்பிடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தன் இலக்கைத் தேரும். ஆரஞ்சு நிறப் பேய் தொலைவில் இருக்கும்போது துரத்தும். எட்டுக் கட்டங்களுக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பும். எளிய விதிகள் நான்கு சேர்ந்து, நால்வர் கூடிச் சூழ்ச்சி செய்வது போன்ற தோற்றத்தைத் தருகின்றன.

இவ்விதிகளுள் ஒரு பிழையும் உண்டு. பேக்-மேன் மேல்நோக்கிச் செல்லும்போது, நிரலில் நேர்ந்த கணக்குப் பிழையால், இளஞ்சிவப்புப் பேய் நான்கு கட்டங்கள் மேலே உள்ள இடத்தை நோக்காமல், அதிலிருந்து நான்கு கட்டங்கள் இடப்புறம் விலகிய இடத்தை நோக்கும். மீளுருவாக்கம் செய்வோர் இப்பிழையைத் திருத்தலாமா? திருத்தினால், பேய்களின் போக்கை மனப்பாடம் செய்து பல ஆண்டுகள் பயின்ற ஆட்டக்காரரின் வழித்தடங்கள் யாவும் பயனற்றுப் போகும். படைத்தவரின் எண்ணம் ஒருபுறம். படைப்பை ஆடியவரின் அனுபவம் மறுபுறம். இவற்றுள் எதற்கு உண்மையாக நடப்பது என்பதை மீளுருவாக்குவோர் ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பேக்-மேன் ஆட்டத்தில் கட்டத்தின் எண்ணைக் குறிக்க ஒரு பைட் அளவு இடமே ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையிலான எண்களையே குறிக்க இயலும். எனவே, 256ஆம் கட்டத்தில் திரையின் வலப்பாதி எழுத்துகளும் குறிகளும் குழம்பிய குவியலாகிவிடும். ஆட்டத்தை முடிக்க இயலாது. 2015இல் வெளிவந்த 'பேக்-மேன் 256' இக்குழப்பத்தையே கருவாகக் கொண்டது. அதில் கீழிருந்து எழுந்து வரும் அக்குழப்பம் பேக்-மேனை விழுங்கத் துரத்தும்.

பெயர் மட்டும் மிஞ்சிய படி

ஆர்கேட் ஆட்டங்களை வீட்டிற்குக் கொண்டுவரும் முயற்சி அக்காலத்திலேயே தொடங்கியது. 1982இல் அட்டாரி 2600 என்னும் வீட்டுக்கருவிக்குப் பேக்-மேன் வெளியானது. அக்கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட் மட்டுமே. ஆட்டத்தைத் தாங்கிய பேழையின் அளவு 4 கிலோபைட். அதில் நான்கு பேய்களையும் ஒரே வேளையில் வரைய இயலாமல், மாறி மாறி வரைந்தனர். அதனால் பேய்கள் ஓயாது மினுங்கின. வட்டப் புள்ளிகள் சிறு கோடுகளாயின. வழிகளின் அமைப்பும் ஒலியும் மாறின. பெயரை நம்பிப் பெருந்திரளானோர் வாங்கினர், ஏமாற்றமும் பெரிதாயிற்று.

கருவியின் எல்லையே இதற்கு முழுக்காரணம் எனக் கூற இயலாது. மறு ஆண்டில் அதே கருவிக்கு வெளிவந்த 'மிஸ் பேக்-மேன்' 8 கிலோபைட் பேழையில் அமைந்தது. மூலத்தின் அழகையும் ஓட்டத்தையும் பெருமளவு கொண்டு வந்து பாராட்டுப் பெற்றது. பெயர் ஒன்றே போதும் என்னும் எண்ணத்திற்கும், மூலத்தின் இயல்பைக் காக்க வேண்டும் என்னும் அக்கறைக்கும் இடையிலுள்ள தொலைவை இவ்விரு ஆட்டங்களும் காட்டுகின்றன.

முதல், வழி, சார்பு

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துவது தமிழ் இலக்கண மரபு. முதல்நூலின் பொருளை ஏற்றுக்கொண்டு, பின்வந்த ஆசிரியர் தாம் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்துச் செய்வது வழிநூல். அவற்றின் பொருளைச் சிறிதே தழுவிப் பெரிதும் வேறுபட்டு நிற்பது சார்புநூல். இப்பகுப்பைத் திரைவிளையாட்டுகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

இவாடானி 2007இல் தாமே முன்னின்று வடிவமைத்த 'பேக்-மேன் சாம்பியன்ஷிப் எடிஷன்' வழிநூலுக்கு ஒப்பானது. பழைய பேக்-மேனின் திரை அகலத்தைவிட உயரம் மிக்கது. இன்றைய தொலைக்காட்சியோ உயரத்தைவிட அகலம் மிக்கது. பழைய ஆட்டத்தை அப்படியே இட்டால் இருபுறமும் வெற்றிடம் நிற்கும். அவ்வகலத்தை இவாடானி ஆட்டத்தின் விதியாக மாற்றினார். ஆடுகளம் இரு பாதிகளாகப் பிரிந்தது. ஒரு பாதியிலுள்ள புள்ளிகளை உண்டு முடித்தால் மறு பாதியில் ஒரு கனி தோன்றும். அதனை உண்டதும் முதற்பாதியின் வழிகள் மாறிப் புதிய புள்ளிகள் முளைக்கும். மூன்று உயிர்கள் தீரும்வரை ஆடுவது பழைய மரபு. ஐந்து நிமிடங்களுக்குள் எவ்வளவு புள்ளிகள் திரட்டலாம் என்பது இங்கே முதன்மையான போட்டி. நாணயத்தின் கணக்கு மறைந்த காலத்தில் அதன் இடத்தைக் கடிகாரம் பெற்றது. ஆயினும் உண்ணுதலும் தப்புதலும் திரும்பித் துரத்துதலும் மாறவில்லை.

2008இல் டைட்டோ வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எக்ஸ்ட்ரீம்' மற்றொரு வழிநூல். மூல ஆட்டத்தின் நான்கு சுர ஒலி ஆட்டத்தின் வேகத்தோடு பிணைந்திருந்ததை அதன் படைப்பாளர்கள் கண்டுகொண்டனர். அப்பிணைப்பை வளர்த்து, சுடுதலும் உருக்கள் வெடித்தலும் பின்னணி இசையோடு இயைந்து ஒலிக்குமாறு அமைத்தனர். மூலத்தில் வித்தாக இருந்த ஒன்று இங்கே மரமாயிற்று.

முன்னர்க் கண்ட பேக்-மேன் 256 சார்புநூல் எனத்தக்கது. முடிவுள்ள ஆடுகளம் அதில் இல்லை. மேல்நோக்கி முடிவின்றி விரியும் பாதை உண்டு. தொடுதிரையில் விரலால் தள்ளி ஆடுவதற்கு ஏற்றவாறு அது அமைந்தது. பேய்களும் புள்ளிகளும் பழையன, ஆட்டமோ புதியது.

மறைந்து போகும் மூலங்கள்

வழிநூல் சிறந்ததா எனத் தேர்வதற்கு முதல்நூல் கையில் இருக்க வேண்டும். திரைவிளையாட்டுகளில் அம்முதல்நூலே அழிந்து வருகிறது. நினைவகச் சில்லுகள் காலப்போக்கில் தம்முள் பதிந்ததை இழக்கின்றன. கள்ளப் படிகளைத் தடுப்பதற்காகச் சில பலகைகளில் மறைகுறியின் திறவுகோலை மின்கலத்தின் துணையால் நினைவகத்தில் வைத்திருந்தனர். மின்கலம் தீர்ந்தால் திறவுகோல் அழியும். ஆட்டமும் இயங்காது நின்றுவிடும்.

இவ்வழிவைத் தடுக்க எழுந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது 'மேம்' என்னும் எமுலேட்டர் மென்பொருள். பழைய பொறியின் செயலி, ஒலிச்சில்லு, திரை ஆகியவற்றின் இயக்கத்தை இன்றைய கணினியில் போலச்செய்து காட்டுவதே எமுலேட்டரின் பணி. இத்தாலிய நிரலாளரான நிகோலா சல்மோரியா 1997இல் இதனைத் தொடங்கினார். பின்னர்ப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் இணைந்து வளர்த்தனர். எமுலேட்டர் ஆட்டத்தைப் புதிதாக எழுதுவதில்லை. பழைய நிரலையே இயக்குகிறது. ஆதலால் மூலத்தின் நிறையும் குறையும் ஒருங்கே தோன்றுகின்றன.

எனினும் நிரல் மட்டுமே ஆட்டமன்று. 1979இல் அட்டாரி வெளியிட்ட 'ஆஸ்டராய்ட்ஸ்' ஆட்டத்தின் திரை, புள்ளிகளை அடுக்கிப் படம் காட்டும் திரை அன்று. மின்னணுக் கற்றையே எழுதுகோலாகி ஒளிக்கோடுகளை நேரடியாக வரைந்த திரை. இருளில் குண்டுகள் சுடர்ப் பொட்டுகளாய் ஒளிர்ந்ததை இன்றைய திரை ஓரளவே காட்ட வல்லது. பொத்தான்களை அழுத்தி ஆடிய உணர்வைக் கண்ணாடித் தொடுதிரை தருவதில்லை. எனவே பொறிகளையும் பாதுகாக்க வேண்டியுள்ளது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் பேக்-மேன் உள்ளிட்ட 14 திரைவிளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. மறு ஆண்டில் ஸ்பேஸ் இன்வேடர்ஸும் ஆஸ்டராய்ட்ஸும் இடம்பெற்றன.

சேகரிக்கப்பட்டவை சிலவே. அமெரிக்காவில் 2010க்கு முன்னர் வெளியான திரைவிளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என, அந்நாட்டின் திரைவிளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. புகழ்பெற்ற சில ஆட்டங்களே மீண்டும் மீண்டும் புத்துருப் பெறுகின்றன. ஏனையவை ஓசையின்றி மறைகின்றன.

புதியவையும் அழிவுக்கு விலக்கல்ல. 99 பேர் இணையத்தின் வழியே போட்டியிடும் 'பேக்-மேன் 99' 2021இல் வெளியானது. 2023இல் அதன் இணையச் சேவை நிறுத்தப்பட்டதும் அப்போட்டியை ஆடுவதற்கு வழியில்லாமல் போயிற்று. பழுதின்றிப் பேணப்பட்ட 1980ஆம் ஆண்டுப் பெட்டியோ மின்னிணைப்புக் கொடுத்தால் இன்றும் ஆடும்.

கருத்தும் வெளிப்பாடும்

பழைய ஆட்டத்தைத் தழுவிச் செய்ய யாவர்க்கும் உரிமை உண்டா? இவ்வினா அமெரிக்க நீதிமன்றங்களில் பலமுறை எழுந்தது. 1981இல் 'கே.சி. மன்ச்கின்' என்னும் வீட்டு ஆட்டம் பேக்-மேனைப் பெரிதும் ஒத்து வெளிவந்தது. 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் பதிப்புரிமை மீறல் எனக் கருதித் தடை விதித்தது. சிக்கலான வழிகளில் ஓடிப் புள்ளிகளை உண்பது என்னும் கருத்து எவருக்கும் தனியுரிமை ஆகாது. அதனை உண்ணும் உருவாகவும் துரத்தும் பேய்களாகவும் வடித்த வெளிப்பாட்டிற்கே உரிமை உண்டு என்பது இத்தீர்ப்பின் சாரம். வழிநூல் செய்வோர் உரிமையாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும்; சார்பாகப் படைப்போர் தமக்கென ஒரு வெளிப்பாட்டைக் காண வேண்டும். சட்டம் விதிக்கும் இவ்வெல்லை, படைப்பாளரைப் புதுமையை நோக்கிச் செலுத்தும் ஆற்றலாகவும் அமைகிறது.

மீண்டும் செய்தலின் அறம்

மீளுருவாக்கம் என்பது மூலத்தைப் பற்றிய ஓர் ஆய்வுரையே. எழுத்தாலன்றி ஆட்டத்தாலேயே எழுதப்பட்ட உரை அது. ஸ்பேஸ் இன்வேடர்ஸின் உயிர் எதில் உள்ளது என்னும் வினாவிற்கு, வேகமும் ஒலியும் பிணைந்த இடத்தில் உள்ளது என ஒருவர் விடை காண்கிறார். பேக்-மேனின் உயிர் எதில் உள்ளது என்பதற்கு, துரத்தப்படுபவன் துரத்துபவனாகும் கணத்தில் உள்ளது என மற்றொருவர் விடை காண்கிறார். விடை தவறினால் உருவம் மட்டும் எஞ்சும், உயிர் நீங்கிவிடும்.

இன்று ஒரு சிறுவன் முதன்முதலில் காணும் பேக்-மேன் கைப்பேசியில் ஓடுவதாகவே இருக்கும். அவனுக்கு அதுவே மூலம். அதில் வியப்பில்லை, வருத்தமும் வேண்டியதில்லை. அது எங்கிருந்து வந்தது, எந்தக் கைகள் எந்த நெருக்கடியில் அதனைப் படைத்தன என்று அவன் ஒருநாள் தேடும்போது, காண்பதற்கு மூலம் இருக்க வேண்டும். புதுப்பிப்பதும் பாதுகாப்பதும் ஒன்றற்கு ஒன்று மாற்றல்ல. இரண்டும் உடன் நிகழ வேண்டிய பணிகள். 128 பைட்டுகளுக்குள் நின்று உழைத்தவர்களுக்குக் கணினித்துறை செலுத்தும் மதிப்பும் அதுவே.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் அறிந்த திரைவிளையாட்டு ஒன்றின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒப்பிட்டு, காக்கப்பட்டவை, மாற்றப்பட்டவை, கைவிடப்பட்டவை என அட்டவணைப்படுத்துக.

2. 'மூலத்தில் உள்ள பிழைகளையும் மீளுருவாக்கத்தில் காக்க வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

இலக்கணக் குறிப்பு

தொடுதிரை – வினைத்தொகை
செந்நிறம் – பண்புத்தொகை
நிறையும் குறையும் – எண்ணும்மை
திறந்த – பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

விரைந்தன – விரை + த்(ந்) + த் + அன் + அ
விரை – பகுதி. த் – சந்தி, த் 'ந்' ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அ – பலவின்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில் உருக்கள் குறையக் குறைய வேகம் கூடியதன் காரணம்
அ) நாணயத்தின் மதிப்பு ஆ) செயலியின் சுமை குறைந்தமை இ) திரையின் அகலம் ஈ) கைப்பிடியின் அமைப்பு

குறுவினா

1. எமுலேட்டரின் பணி யாது?
2. பேக்-மேன் ஆட்டத்தின் 256ஆம் கட்டத்தில் திரை குழம்புவதேன்?

சிறுவினா

1. அட்டாரி 2600 கருவிக்கு வெளியான பேக்-மேன், மிஸ் பேக்-மேன் ஆகிய இரண்டையும் ஒப்பிடுக.
2. பேக்-மேனைத் துரத்தும் நான்கு பேய்களின் இயல்புகளை விளக்குக.

நெடுவினா

1. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பகுப்பு திரைவிளையாட்டுகளின் மீளுருவாக்கத்திற்குப் பொருந்துமாற்றைச் சான்றுகளுடன் நிறுவுக.